தேங்காயும் கொறங்காடும்: பிடிபடாதவரைப் பற்றிப் பேசும்போது

"ஏனுங்க, கடவுள் மனுச புத்திக்கு எட்டாதவருன்னும் சொல்றீங்க, அவரை அறியணும்னும் சொல்றீங்க. ரெண்டும் எப்படிங்க ஒத்து வரும்?"

வீட்டு ஜெபக்கூட்டத்திலோ, கத்தோலிக்கரின் அக்கம்பக்கக் கூட்டமான அன்பியத்திலோ இந்தக் கேள்வி எழாமல் ஒரு வருஷம் ஓடாது. "அதுதானுங்க விசுவாசம்" என்று பதில் வரும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கேள்வி மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். வேதபாடம் எடுக்கிறவர்கள் இதை நேராகவே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தக் குறிப்புகள்.

கேள்வியை முதலில் போட்டவர் பவுலேதான். எபேசியர் 3:19-ல் 'அறிவுக்கெட்டாத' அன்பை 'அறிந்துகொள்ள' வேண்டும் என்று ஒரே மூச்சில் எழுதுகிறார். கிரேக்க மூலத்திலும் அந்த இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. கைதவறி எழுதியதல்ல, தெரிந்தே சேர்த்து வைத்தது.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழிலேயே ஒரு நல்ல சொல் இருக்கிறது: பிடிபடுதல். மீன் பிடிபடும், திருடன் பிடிபடுவான், கணக்கும் பிடிபடும். "எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க" என்றால் புரியவில்லை என்று பொருள். லத்தீனிலும் இதே கதைதான். முழுதாகப் புரிந்துகொள்வதற்கான சொல், கைக்குள் வளைத்துப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். அந்தச் சொல்லை வைத்துத்தான் பழைய காலத்து ஆயர் அகஸ்டின் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்: உனக்குப் பிடிபட்டுவிட்டதென்றால் அது கடவுள் அல்ல. அறியவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவியை ஒருவருக்குத் தெரியும். பிடிபட்டுவிட்டாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

சபை இந்த வித்தியாசத்தைச் சண்டை போட்டுத்தான் தெளிந்துகொண்டது. 4ஆம் நூற்றாண்டில் யூனோமியு என்றொருவர், 'பிறப்பிக்கப்படாதவர்' என்ற சொல் போதும், அதிலேயே கடவுளின் உள்ளியல்பு அடங்கிவிட்டது என்று வாதிட்டார். செசரியாவின் பேசில் அதை மறுத்தார். கடவுளின் செயல்கள் நம்மிடம் இறங்கி வருகின்றன, அவற்றால் அவரை அறிகிறோம், அவருடைய உள்ளியல்போ நாம் நெருங்க முடியாதது என்றார். 386-ல் கிறிசோஸ்தோம் அந்தியோகியாவில் இதே பொருளில் ஒரு பிரசங்க வரிசையையே தொடங்கினார். பாடத்தில் இதற்கு ஐந்து நிமிஷம் போதும். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை, 'செயல் இறங்கி வருகிறது, உள்ளியல்பு எட்டாது' என்ற கோடு மனதில் நின்றால் சரி.

அடுத்ததாக, போர்டில் நான்கு சொற்களை எழுதுங்கள்: சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். 1623-ல் இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தபோது அவர் வாயில் இருந்தது முதல் சொல். இரண்டாவது 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியு என்ற மிஷனெரி செய்த வேதாகம மொழிபெயர்ப்பின் சொல். பாட்டுப் புத்தகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது 1871-ல் வந்த, ஹென்றி பவர் என்பவர் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பில், அதாவது இன்று பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளின் கையிலுள்ள வேதாகமத்தில் இருப்பது. நான்காவது 1995-ல் வெளியான திருவிவிலியத்தில் வருவது. 'எங்க அம்மிச்சி சர்வேசுரான்னுதான் ஜெபம் பண்ணும்' என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். சர்வேசுரன் எல்லாவற்றையும் ஆள்கிறவர். பராபரன் அப்பாலும் இப்பாலும் இருக்கிறவர். கடவுள் என்பதைக் கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று பிரித்துச் சொல்வது நம்மிடையே வழக்கம். ஒரு சொல் ஆட்சியைக் காட்டுகிறது, இன்னொன்று தொலைவையும் அருகையும் சேர்த்துக் காட்டுகிறது. நான்கையும் கூட்டினாலும் ஆள் அகப்படவில்லை. மோசே பெயர் கேட்டபோது கிடைத்ததும் 'இருக்கிறவராக இருக்கிறேன்' (யாத்திராகமம் 3:14) என்பதுதான். பெயர் கொடுத்த மாதிரியும் இருக்கிறது, கொடுக்காத மாதிரியும் இருக்கிறது.

இனி தேங்காய்க்கு வருவோம். ஞாயிறு பள்ளியில் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, விளக்கப் புறப்படும் டீச்சர் தேங்காயோடுதான் வருவார். ஓடு, பருப்பு, தண்ணீர், மூன்றும் சேர்ந்து ஒரு தேங்காய். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும், கோளாறே அதுதான். ஓடு மட்டும் தேங்காய் ஆகாது, அது மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் குமாரன் கடவுளில் மூன்றில் ஒரு பங்கா? சபை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பனிக்கட்டி, தண்ணீர், ஆவி என்ற உவமையில் கோளாறு வேறு. ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுகிறது. 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியு பெயரால் சபை தள்ளிய போதனை அது. 'ஒரே ஆள் அப்பாவுக்கு மகன், மனைவிக்குப் புருஷன், பிள்ளைக்கு அப்பா' என்பதும் அதே வேஷக் கணக்குத்தான். பவானிக்காரர்களுக்குக் கூடுதுறையைச் சொல்ல ஆசை வரும்: காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுதநதி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறுகள் தனித்தனியாகப் பிறந்து பிறகு கலக்கின்றன. கலந்தபின் எது எதென்று தெரிவதில்லை. கூடுதுறைக்கு முன்னால் மூன்று கடவுள், பின்னால் அடையாளம் இல்லாத ஒன்று என்றாகிவிடும்.

உவமையே கூடாதென்பதில்லை. எந்த உவமை எடுத்தாலும், அது எங்கே உடைகிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். தேங்காயை எடுத்து வந்தவர் அதை உடைத்துக் காட்டிவிட்டு, "பார்த்தீங்களா, இது பங்கு பங்கா பிரிஞ்சிருச்சு, கடவுள் இப்படிப் பிரிய மாட்டாரு" என்றால் அந்தத் தேங்காய் நல்ல பாடம். உவமை வேண்டாம் என்றால் மத்தேயு 3:16-17-ஐ வாசியுங்கள். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல் இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். ஒரே வேளையில் மூவர், ஆகவே வேஷம் இல்லை. பிறகு மத்தேயு 28:19. அங்கே 'நாமங்களில்' என்று இல்லை, 'நாமத்திலே' என்று ஒருமையில் இருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இடையில் இருப்பதை நிரப்ப வேண்டாம்.

இப்போது நோட்டும் பேனாவும். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு சொல், இருபது நிமிஷம். முதல் முறைக்கு 'மேய்ப்பர்' நல்ல சொல். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அந்தச் சொல் கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது, இரண்டாவதில் எது அவருக்குப் பொருந்தாது, மூன்றாவதில் பொருந்துவதும்கூட அவரிடத்தில் எப்படி மிஞ்சிப்போகிறது. இது பழைய இறையியல் வழி. ஆம் என்று சொல்லி, இல்லை என்று விலக்கி, மேல் என்று உயர்த்துவது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்கள் முதல் கட்டத்தைச் சாதாரணமாக எழுதிவிடுவார்கள்: காப்பார், எண்ணிப் பார்ப்பார், தேடுவார். இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அவர்கள் மனதில் இருப்பது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்ளவேலா மரம். ஆட்டை உள்ளே ஓட்டிவிட்டுப் படலைச் சாத்தினால் வேலை முடிந்தது, ஆள் வீட்டுக்குப் போகலாம். வேலிதான் காவல். 23ஆம் சங்கீதத்தில் வேலியே கிடையாது. யூதேயா வனாந்தரத்தில் மேய்ப்பன் முன்னால் நடக்க வேண்டும், ஆடு பின்னால் வர வேண்டும். புல் எங்கே, தண்ணீர் எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்ற வரியின் கனம் வேலியில்லாத நிலத்தில்தான் தெரியும். கொறங்காட்டுக் கண்ணோடு வாசித்தால், கடவுள் படலைச் சாத்திவிட்டுப் போன மாதிரியும், உலகம் ஒரு நல்ல வேலி மாதிரியும் ஆகிவிடும். பலருடைய பக்தி அப்படித்தான் ஓடுகிறது என்பது என் கணிப்பு.

இரண்டாவது கட்டத்தில் யாரும் எழுதத் தயங்குவதை நீங்களே எழுதிவிடுங்கள்: நம்மூர் ஆட்டுக்காரர் கடைசியில் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவார். இது பொருந்தாது, கோடு போட்டு அடிக்கலாம். மூன்றாவது கட்டத்துக்கு யோவான் 10:11. ஆட்டுக்காக ஜீவனைக் கொடுக்கிற மேய்ப்பன் எந்தச் சந்தைக் கணக்கிலும் வரமாட்டான்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாவது கட்டம்தான். விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. 'அவர் எதுவுமே இல்லை' என்ற இடத்தில் போய் நிற்கும். அப்போது கையில் எடுக்க வேண்டியது யோவான் 1:18. தேவனை ஒருவனும் ஒருக்காலும் கண்டதில்லை, குமாரனே அவரை வெளிப்படுத்தினார். எழுதிய ஒவ்வொரு வரியையும், சுவிசேஷத்தில் பார்க்கிற இயேசுவுக்கு இது பொருந்துகிறதா என்று ஒத்துப்பாருங்கள். பொருந்தாததை அடித்துவிடலாம். அதற்காக, இயேசு வந்ததால் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்றும் ஆகாது. மாற்கு 4-ல் புயல் அடங்கிய பிறகுதான் சீஷர்கள் மிகவும் பயந்து, 'இவர் யாரோ' என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கிட்டப் போகப் போகக் கேள்வி பெரிதானது.

யோபுவுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். 38 முதல் 41 வரை நான்கு அதிகாரம், 129 வசனம். நான்கு பேர் ஆளுக்கு ஓர் அதிகாரம் சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய இருபது நிமிஷம். நடுவில் விளக்கம் கூடாது. யோபு கேட்டது தன் பாடுகளின் காரணத்தை. கிடைத்தது மழை, நட்சத்திரம், காட்டுக்கழுதை, தீக்கோழி, குதிரை, கழுகு. காரணம் கடைசிவரை வரவில்லை.

இரண்டு இடத்தில் நம் ஆட்களின் காது விடைக்கும். ஒன்று 38:26, மனுஷர் குடியில்லாத தரையில் பெய்கிற மழை. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் வானத்தைப் பார்த்தே வயசான விவசாயிக்கு இந்த வசனம் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆளே இல்லாத இடத்தில் மழை எதுக்கு? கேள்வி நியாயமானது, மழுப்பாதீர்கள். கடவுளின் கணக்கில் மனுஷன் மட்டும் இல்லை என்பதுதான் அந்த வசனம் சொல்வது. இன்னொன்று 39:9-12. பழைய மொழிபெயர்ப்பில் காண்டாமிருகம் என்று இருக்கும். எபிரெயச் சொல் குறிப்பது காட்டு மாட்டை. காங்கேயம் காளைக்கு மூக்கணாங்கயிறு போட்டுப் பழக்கியவர்களுக்கு அந்தக் கேள்வி வேறு எவரையும்விட நன்றாகப் புரியும்: இதற்குக் கயிறு போட்டு ஏர் பூட்டுவாயோ? மாட்டையே பூட்ட முடியவில்லை.

வாசித்தபின் ஒரே ஒரு வசனத்தில் நில்லுங்கள், 42:7. கடவுள் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல, எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த நண்பர்கள்மேல். அவர்கள் உருப்படியாகச் செய்தது 2:13-ல் இருக்கிறது; ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பாடை எடுக்கும் முன்னாலேயே 'தேவ சித்தமுங்க' என்று ஆரம்பிப்பது அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் வேலை.

ஏசாயா 55:8-ம் இப்படித்தான் தவறான இடத்தில் விழுகிறது. 'என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல' என்பதைக் கேள்வியை அடைக்கும் மூடியாக வைத்திருக்கிறோம். முந்தின வசனத்தைச் சேர்த்து வாசியுங்கள். துன்மார்க்கன் திரும்பி வந்தால் அவர் மிகுதியாக மன்னிப்பார் என்று 7ஆம் வசனம் சொல்கிறது. நமக்கு எட்டாத உயரம் என்று அங்கே சொல்லப்படுவது அந்த மன்னிப்பு. (சபைக் கமிட்டியில் வரவு செலவு கேட்டால் ரோமர் 11:33-ஐ எடுத்து, அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள் என்கிறவர்களும் உண்டு. ஆராயப்படாதவை கர்த்தருடைய வழிகள். ரசீதுப் புத்தகத்தை ஆராயலாம்.)

கடைசி வாரம் மௌனம். சங்கீதம் 46:10-ல் 'அமர்ந்திருந்து' என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லுக்குக் கையைத் தளரவிடு, விட்டுவிடு என்ற பொருள் உண்டு. பிடியைத் தளர்த்து, அப்போது அறிவாய். முதல் தடவை மூன்று நிமிஷம் போதும், அடுத்த தடவை ஐந்து, பத்துக்கு மேல் போக வேண்டாம். கண்ணை மூடாமல் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. மூடினால் சாயந்தரக் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நாற்பதாவது நொடியில் யாராவது 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று ஆரம்பிப்பார். அவர்மேல் குற்றமில்லை. நம் ஆராதனையில் சத்தம் நின்றால் மைக் கெட்டுப்போச்சு என்றுதான் அர்த்தம். அதனால் யார் முடித்துவைப்பார், எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் மாதிரி தறி ஓடும் ஊர்களில் மௌனம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். தறி ஓடட்டும். எலியாவுக்குக் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்தபிறகு வந்தது மெல்லிய சத்தம் (1 இராஜாக்கள் 19:12). எபிரெயத்தில் அது ஏறக்குறைய 'மெலிந்த மௌனத்தின் ஒலி'. தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க ஓடும் தறிச் சத்தம் அவர்கள் காதில் விழுவதில்லை, கரண்டு போய்த் தறி நின்ற அந்த நொடியில்தான் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நேரம் முடிந்ததும் ஒருவர் சங்கீதம் 46:10-ஐ மெதுவாக ஒரு தரம் சொல்லட்டும். உடனே பாட்டு எடுக்க வேண்டாம். விடை கிடைக்காத கேள்வி இருந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள். டீயை அதற்கப்புறம் கொண்டுவரச் சொல்லலாம்.