கசிந்தது யாருடைய பிரதி?

மார்ச் 3
நாங்கள் உரிமம் போட்டு விற்கும் இடத்தரவு (இடங்களின் பெயரும் வரைபடப் புள்ளியும் கொண்ட பட்டியல்) இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பெயர்கள், எழுத்துக்கூட்டல், எல்லாம் எங்களுடையவை. வாங்கியவர்களில் யாருடைய பிரதி?

அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொருவர் பிரதியிலும் தனித்தனி ரகசிய அடையாளக் குறி வைத்திருக்கிறோம், இரண்டு அடுக்காக. ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு சில வரிகளைப் பொறுக்கி, அட்சரேகையின் ஆறாவது தசம இலக்கத்தை மட்டும் அசைத்து விடுவோம். ஒருவருக்கு 48.217346, இன்னொருவருக்கு 48.217347. இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1; இந்த 0, 1 வரிசைதான் அவருடைய குறி. தரையில் வித்தியாசம் சுமார் 11 சென்டிமீட்டர்; யாருக்கும் வழி தப்பாது.

மார்ச் 4
கசிந்த கோப்பில் ஐந்து இலக்கம்தான் இருக்கிறது. ரவுண்டு செய்துவிட்டார்கள். முதல் அடுக்கு போச்சு.

சரி, இரண்டாவது அடுக்கு இருக்கிறது. திருட்டைப் பிடிக்க, நிஜத்தில் இல்லாத ஒரு தெருவை வரைபடக்காரர்கள் போட்டு வைப்பார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. காசு கொடுத்தவருக்குப் பொய்யைக் கொடுப்பதா? அதனால் இரண்டு விதமாகச் சொன்னாலும் உண்மையாக இருக்கும் இடங்களைத் தேடினோம். கட்டடத்தின் புள்ளியை வாசலிலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம்; யாருக்கு எது என்பதுதான் குறி. இடைவெளி சில மீட்டர், ரவுண்டு செய்தாலும் அழியாது.

மார்ச் 6
வாசலா நடுவா என்று படித்துப் பார்த்தால், ஒருவருடைய குறியோடும் முழுசாகப் பொருந்தவில்லை. இரண்டு பிரதிகள் கலந்திருக்கின்றன. இந்த வேலையின் பெரிய தலைவலியே இதுதான். வாங்கிய இருவர் கூட்டுச் சேர்ந்து தங்கள் கோப்புகளை ஒப்பிட்டால், வேறுபடும் இடமெல்லாம் குறி என்று தெரிந்துவிடும். ஆனால் இருவருக்கும் ஒரே மாதிரி போன குறி அவர்கள் கண்ணில் படாது. அந்த மிச்சத்தை நம்பித்தான் டான் போனே, ஜேம்ஸ் ஷா என்ற ஆய்வாளர்கள் 1995-இல் இப்படிப்பட்ட கூட்டுச் சதியைத் தாங்கும் குறியீட்டை அமைத்தார்கள். 2003-இல் காபோர் டார்டோஷ் என்ற கணிதவியலாளர் அதன் நீளத்தை நன்றாகச் சுருக்கினார். அப்படியும், கூட்டுச் சேரக்கூடியவர்கள் இரண்டு மடங்கானால் குறியின் நீளம் நான்கு மடங்காகும்.

கசிந்த கோப்போடு அவரவர் குறி எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டோம். இருவர் தனியாக மேலே நிற்கிறார்கள். மற்றவர்கள் பூஜ்யத்தைச் சுற்றி.

மார்ச் 7
பதிப்புரிமை என்று ஆரம்பிக்காதீர்கள் என்கிறார் வக்கீல். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபைஸ்ட் வழக்கைச் சொன்னார். ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் தொலைபேசிப் புத்தகத்தில் நுழைத்திருந்த 4 பொய்ப் பதிவுகள் எதிராளியான ஃபைஸ்டின் புத்தகத்தில் அப்படியே இருந்தன. கையும் களவுமாகப் பிடித்தும் ரூரல் தோற்றது; பெயரையும் எண்ணையும் அகர வரிசையில் அடுக்கியதில் சொந்தப் படைப்பு இல்லையாம். எங்களுக்குப் பிடி உரிம ஒப்பந்தம்தான்.

மேலே நின்ற இருவருக்கும் அனுப்பிய கடிதத்தில் யாரையும் குற்றம் சாட்டவில்லை. பிரதி யாருக்குப் போனது என்றுதான் குறி சொல்லும், வெளியே விட்டவர் யார் என்று சொல்லாது. எந்த வரிகளைப் படித்தோம் என்பதையும் எழுதவில்லை; எழுதினால் அடுத்த முறை அதைத்தான் முதலில் அழிப்பார்கள்.

மார்ச் 12
பதில் வந்துவிட்டது. தரவைச் சுத்தம் செய்ய இருவரும் ஒரே வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, இரட்டிப்பு நீக்கி, யாரோ வெளியே போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நபருக்குக் கொடுக்கக் கூடாது என்று உரிமத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது (யார் படிக்கிறார்கள்?). இனி வெளியாள் தேவையென்றால் அவர் பெயரிலேயே தனிப் பிரதி, தனிக் குறி எங்களிடமிருந்து போகும்.