ஒரு பேண்ட் பஞ்சாயத்து

வீடு மாற்றுகிறேன், வந்து கொஞ்சம் கை கொடுங்கள் என்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டது என் தப்புதான். வந்த ஐந்து பேரும் காலை பதினொரு மணி வரை ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார்கள். அப்புறம் அத்தான் பரணில் ஏறி, மூலையில் கிடந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினார். அதோடு சரி. சாயங்காலம் வரை ஒரு தம்ளர்கூட இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு துணியைத் தூக்கிப் போட மனசு வராது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருக்கும். உடனே "இங்க இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கறேன்" என்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. அத்தான் பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியதில் அடியில் கிடந்தது மேலே வந்துவிட, முதலில் வெளிச்சத்தைப் பார்த்தது சித்தப்பாவின் பெல்பாட்டம்.

காப்பிப்பொடி நிறம். பாலியஸ்டர். அக்கா பொண்ணு (வயது பதினேழு, இந்தக் கதையில் நீதிபதி அவள்தான்) டேப்பைக் கொண்டுவந்து கால் பக்கத்தை அளந்தாள். சுற்றளவு 28 அங்குலம். இடுப்பையும் அளந்தாள். அதுவும் 28 அங்குலம்.

"தாத்தா, இதப் போட்டுக்கிட்டு நிஜமாவே வெளிய போனீங்களா?"

"போனேனாவா? நான் நடந்து போனா திரும்பிப் பார்க்காத ஆளே கிடையாது."

"அதைத்தான் அண்ணா அவளும் சொல்றா" என்றார் அத்தை.

இப்படித்தான் ஆரம்பித்தது. கடந்த ஐம்பது வருஷத்தில் எந்தப் பத்தாண்டின் உடைதான் படுமோசம் என்று வயது வந்த ஐந்து மனிதர்கள் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். ஒவ்வொருவருக்கும் அடுத்தவருடைய பத்தாண்டு தெளிவாகத் தெரிந்தது. தன்னுடையதைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அப்போ எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க" என்ற ஒரே பதில். கொள்ளைக்கூட்டத்தில் பிடிபட்டவனும் இதையேதான் சொல்வான்.

எழுபதுகளின் மேல் அத்தை வைத்த குற்றச்சாட்டு வெட்டு பற்றியது இல்லை, துணி பற்றியது. பாலியஸ்டரை 1941இல் பிரிட்டனில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். கசங்காது, சுருங்காது, இஸ்திரி வேண்டாம் என்று உலகமே கொண்டாடியது. யாரும் விசாரிக்காத விஷயம், அது தண்ணீரைக் குடிக்காது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. உடம்பில் ஊறும் வியர்வை எல்லாம் துணிக்கும் தோலுக்கும் நடுவில் கிடந்து தவிக்கும். "அண்ணன் வேலை முடிஞ்சு வந்தா வாசல்ல நுழையறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அத்தை. சித்தப்பா அதைக் காதில் வாங்காமல் பேண்டை உதறிக் காட்டினார். ஐம்பது வருஷம் ஆகியும் சாயம் போகவில்லை, பூச்சி அரிக்கவில்லை, மடித்த இடத்தில் கோடுகூட இல்லை. பூச்சிக்கே பிடிக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அடுத்து அத்தையின் எண்பதுகள். கருநீலக் கோட்டு ஒன்று, அதற்குள் போடும் சட்டை ஒன்று. இரண்டையும் தூக்கும்போதே தோள் பக்கம் தனியாக நின்றது. அப்போது பெண்கள் பெரிய அலுவலகங்களுக்குள் கூட்டமாக நுழைந்த நேரம், ஆண்களுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று தோளில் பஞ்சுத்திண்டு வைத்தார்கள், பவர் டிரெஸ்ஸிங் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நோக்கம் எல்லாம் சரிதான். ஆனால் சட்டையில் ஒரு திண்டு, கோட்டில் ஒரு திண்டு, வெளியே போகும்போது மேலே போடும் பெரிய கோட்டில் இன்னொரு திண்டு என்று மூன்று மாடி கட்டினால், ஆணுக்குச் சமமாகவா தெரியும்? அலமாரிக்குச் சமமாகத் தெரியும். அத்தை ஒரு பக்கத் திண்டை வெல்க்ரோவோடு பர்ரென்று பிய்த்து எடுத்ததும் உள்ளே இருந்த நுரைப்பஞ்சு மஞ்சள் மாவாக உதிர்ந்து மடியெல்லாம் கொட்டியது. அந்த வகை நுரை காற்றில் இருக்கும் ஈரம் பட்டுப் பட்டே உதிர்ந்துபோகுமாம். ஒரு தோள் பொடியாகிவிட்டது, மறு தோள் கம்பீரமாக நின்றது. அத்தை அதை அப்படியே மாட்டிக்கொண்டு, "இப்பவும் எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார். ஒரு பக்கமாகச் சாய்ந்த தராசு மாதிரி இருந்தது. வயதில் பெரியவர், நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றும் கிடைத்தது, அதில் அத்தைக்குப் பெர்ம் செய்த தலை. முடியில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை ஒரு ரசாயனத்தால் உடைத்து, உருளையில் சுற்றி, இன்னொரு ரசாயனத்தால் அந்தச் சுருளிலேயே மறுபடி பூட்டுவதுதான் பெர்ம். அந்த வாடை ஒரு வாரம் போகாது என்று சித்தப்பா இப்போது பழிவாங்கினார். "பாலியஸ்டர் பத்திப் பேசறா பாரு!"

தொண்ணூறுகளுக்கு அத்தான் பொறுப்பு. ஒரு காலுக்குள் இரண்டு பேர் நுழையக்கூடிய ஜீன்ஸ். அதன் அடிப்பக்கம் தரையைக் கூட்டிக் கூட்டிக் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. மழைநாளில் கீழே ஊறிய தண்ணீர் முழங்கால் வரை ஏறிவிடும் என்றார், ஏதோ சாதனை போல. அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய ஊதா டி-ஷர்ட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூடு பட்டால் நிறம் மாறும் டி-ஷர்ட் ஒன்று வந்து கொஞ்ச நாள் எல்லோரையும் ஆட்டி வைத்தது. முதுகில் யாராவது கை வைத்தால் ஐந்து விரலும் வேறு நிறத்தில் அப்படியே பதியும். யோசித்து வைத்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை போலிருக்கிறது: மனித உடம்பில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் அக்குள். பதற்றமோ வெயிலோ, கொஞ்சம் வந்தால் போதும், இரண்டு அக்குளிலும் இளஞ்சிவப்பு விளக்கு எரியும். தன் வாழ்க்கையின் முதல் நேர்முகத் தேர்வுக்கு அத்தான் இதைத்தான் போட்டுக்கொண்டு போனாராம். தெரியாமல் ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைத்ததில் அதன் ஆட்டம் அடங்கி, ஊதாவாகவே நின்றுவிட்டது. வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

அக்காவின் 2000களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அவள் இதைப் படிப்பாள். இடுப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுத் தைத்த லோ ரைஸ் பேண்ட். அலெக்சாண்டர் மெக்வீன் என்ற ஆங்கிலேய உடை வடிவமைப்பாளர் 1993 வாக்கில் இதைவிடவும் இறக்கமாக ஒன்றை மேடையேற்றியபோது பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். பத்து வருஷத்தில் அது எல்லோர் வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்டது. ஜிப்பின் நீளம் என் கட்டைவிரல் அளவு. எதற்கு அந்த ஜிப் என்று இப்போதும் புரியவில்லை. அந்தப் பத்தாண்டில் கீழே விழுந்த சில்லறையை எந்தப் பெண்ணும் குனிந்து எடுத்திருக்க முடியாது. அதோடு ஒரு போட்டோ: அக்காவும் அத்தானும் கல்யாணத்துக்கு முன்னால், தலை முதல் கால் வரை டெனிமில், ஜோடியாக. 2001 ஜனவரியில் அமெரிக்க இசை விருது விழாவுக்கு, அப்போது காதல் ஜோடியாக இருந்த பாடகர்கள் பிரிட்னி ஸ்பியர்ஸும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் அப்படி வந்ததைப் பார்த்துச் செய்ததாம். அவர்கள் இரண்டு பேரும் அடுத்த வருஷமே பிரிந்துவிட்டார்கள், இவர்கள் இன்னும் சேர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தற்காப்பு வாதம்.

நான் அதுவரை நீதிமானைப் போல உட்கார்ந்து எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தேன். குவியலின் அடியிலிருந்து அக்கா கறுப்பாக ஒன்றை இழுத்தாள். முதலில் ஏதோ குடை உறை என்று நினைத்தேன்.

என்னுடைய ஸ்கின்னி ஜீன்ஸ். 2013. அப்போது எனக்கு முப்பது வயது, அறியாப் பருவம் என்றுகூடச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. போனை எடுத்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தாள். 2015இல் ஒரு மருத்துவ இதழில் வந்ததாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 35 வயதுப் பெண் ஒருவர் சொந்தக்காரர் வீடு மாற்ற உதவி செய்யப் போயிருக்கிறார். ஸ்கின்னி ஜீன்ஸோடு மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து அலமாரிகளைக் காலி செய்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது பாதம் மரத்துப்போய் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் பல மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். கெண்டைக்கால் வீங்கியதில் ஜீன்ஸைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்களாம், நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம்.

"எங்க பேண்ட் மானத்த வாங்கிச்சு, சரி. உன்னோடது ஆளையே படுக்கவச்சிருக்குடா" என்றாள் அக்கா.

நான் பேச்சை மாற்ற ஒரு ஆளைத் துணைக்கு அழைத்தேன். ஜேம்ஸ் லேவர் என்று உடை வரலாறு எழுதிய ஆங்கிலேயர் 1937லேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எந்த உடையும் தன் காலம் முடிந்து பத்து வருஷம் ஆனால் சகிக்காது, இருபது ஆனால் கேலிக்கூத்து, முப்பது ஆனால் வேடிக்கை, ஐம்பது ஆனால் ஒரு தனி ரசனை, நூறு ஆனால் கனவு போல, 150 ஆனால் அழகு. இதைச் சொன்னால் எல்லோரும் அடங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். 1976இல் வாங்கிய பெல்பாட்டம் ஐம்பதைத் தொட்டாகிவிட்டது, அவர் பாஸ். என் ஜீன்ஸ் பத்தும் தாண்டி, கேலிக்கூத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அழகாக மாற 2163 வரை காத்திருக்க வேண்டும்.

சொந்த ஆயுதத்தாலேயே வெட்டுப்பட்ட கோபத்தில்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். "போட்டுக் காட்டறேன், அப்புறம் பேசுங்க" என்று எழுந்து அறைக்குள் போனேன். பாதத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்ற பழைய வித்தை நினைவிருந்தது. போனது. மூச்சை உள்ளே இழுத்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, பொத்தானையும் போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கால் இரண்டும் பரவாயில்லாமல்தான் இருந்தன. நடுவில்தான் நான் கொஞ்சம் அதிகமாக இருந்தேன்.

வெளியே வந்து ஒரு சுற்று நடந்து காட்டிவிட்டு மறுபடி அறைக்குள் போனால், வரவில்லை. பொத்தான் கழன்றது, ஜிப் இறங்கியது, தொடைக்குக் கீழே ஒரு அங்குலம் நகரவில்லை. இந்த ஜீன்ஸில் நூற்றுக்கு இரண்டு பங்கு எலாஸ்டேன் என்ற இழுவை நூல் கலந்திருக்கும், மனிதன் உள்ளே போய் வெளியே வருவதே அந்த இரண்டு பங்கின் தயவில்தான். அது சூட்டிலும் வயதிலும் செத்துப்போகும். பரணில் பல கோடைகள் வெந்த பிறகு மிச்சம் இருந்தது வெறும் குழாய்.

அரைமணி நேரம் தனியாகப் போராடிவிட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வேறு வழியில்லாமல் "அத்தான், ஒரு நிமிஷம்" என்றேன். ஐந்து பேரும் வந்தார்கள். இடது காலை அத்தான் பிடித்தார், வலது காலை அத்தை, ஒற்றைத் தோள் கோட்டோடு. சித்தப்பா எனக்குப் பின்னால் நின்று அக்குளில் கை கொடுத்து, எதிர்ப்பக்கம் இழுத்தார். அக்கா பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாள், அது வேலை செய்யாததால் கத்தரிக்கோல் எடுக்கப் போனாள், போகும்போதே "அடிலெய்டு, அடிலெய்டு" என்று சொல்லிக்கொண்டே போனாள். அக்கா பொண்ணு அத்தானின் அந்தத் தொண்ணூறுகளின் ஜீன்ஸை எப்போதோ மாட்டிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, அந்த பெல்பாட்டமும் எனக்குத்தான், யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று நடுவில் ஒரு வார்த்தை.

கத்தரிக்கோல் வருவதற்குள் எங்கோ ஒரு தையல் டர்ரென்றது. அத்தையும் அத்தானும் ஆளுக்கொரு கால் துணியோடு சுவரில் போய்ச் சாய்ந்தார்கள், மிச்சமிருந்த மறு தோளும் அப்போதுதான் பொடியானது.

தீர்ப்பு என்ன என்று நீதிபதியிடம் கேட்டோம். அவள் என் பக்கத்தில் குனிந்து, தொப்புளுக்குக் கீழே பதிந்திருந்த வட்டத்தை உற்றுப் பார்த்தாள். இரும்புப் பொத்தான் அச்சு. பிராண்ட் பெயர் தெளிவாக, திருப்பி எழுதினாற்போல.

"மாமா, அசையாதீங்க, கண்ணாடி வச்சுத்தான் படிக்கணும்" என்றாள்.

அது மறுநாள் மதியம் வரை அப்படியே இருந்தது.