கையெழுத்திடும் நேரத்தில் தடுமாற்றம் ஏன்?

மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தும்போதெல்லாம், இனி வரும் மருத்துவர்கள் முதல் நாளிலிருந்தே தயாராக இருப்பார்கள் என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் சிறு குழுக்களில், நோயாளியின் பிரச்சினையிலிருந்து கற்பிக்கத் தொடங்கியது. 1993இல், மருத்துவக் கல்வியை மேற்பார்வையிடும் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் மனப்பாடச் சுமையைக் குறைக்கச் சொன்னது. பலன் கண்கூடு: இன்றைய இளம் மருத்துவர்கள் நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மனதார மகிழ்கிறேன்.

ஆனால் நள்ளிரவு வார்டில், சிறுநீரகம் பழுதான முதியவருக்கு ஜென்டாமைசின் எழுத வேண்டும்; சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது. எத்தனை மில்லிகிராம்? எத்தனை மணி நேர இடைவெளி? ரத்தத்தில் மருந்தின் அளவை எப்போது பார்ப்பது? தேர்வில் சரியாக விடை எழுதியவரும் இங்கே தடுமாறுகிறார். மருந்து எழுதுவதும் அவசர நிலையைச் சமாளிப்பதும்தான் புதியவர்கள் அதிகம் தயங்கும் இடங்கள்.

இறுதியாண்டு மாணவரை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். மருந்துச் சீட்டை அவரே எழுதட்டும். மூத்தவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். மூத்தவருக்கு அதற்கு நேரமில்லை என்பார்கள். உண்மைதான், கொடுத்தால்தானே இருக்கும்! அந்த நேரத்தை ஒதுக்காத எந்தச் சீர்திருத்தத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை.