ஆட்டினாத்தான் ஓடும்

பிப்ரவரி 23, திங்கள்

மாமா குடுத்த பழைய சீக்கோ வாச்சு நேத்து ராத்திரி 2.40க்கு நின்னுருக்கு. சாவி இருக்கு, ஆனா சாவி கொடுக்க முடியாது, திருகினா சும்மா சுத்துது. முள்ளு நகத்தவும் தேதி மாத்தவும் மட்டும்தான் அது. கை ஆடணும், ஆடினா உள்ள இருக்குற அரைவட்டத் தகடு சுத்தும், அது சுத்தினாத்தான் ஸ்பிரிங் ஏறும். எந்திரிக்காதன்னு படுக்க வச்சிருக்குற பொம்பளைக்கு ஆட்டோமேட்டிக் வாச்சு. மாமாட்ட போன்ல சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாப்பா, அது சவூதில தம்மாம் சைட்ல கம்பி கட்டுன கைக்கு வாங்குனதுடா."

முப்பது வாரம் முடிஞ்சிருச்சு.

பிப்ரவரி 25, புதன்

பின் மூடியில நம்பர் பாத்தேன். மேல 7009, அது உள்ள இருக்குற மிஷினோட நம்பர். கீழ ஆறு எழுத்து, மொதல்ல 4, அடுத்து N. மொத எழுத்து வருசத்தோட கடைசி எண்ணு, ரெண்டாவது மாசம், N னா நவம்பர். அப்ப 1984 நவம்பர். மாமா 85ல வாங்கினேன்னு சொன்னாரு, சரியா வருது. என்னை விட மூத்தது. இத கண்டுபிடிச்சதுல ஒரு மணி நேரம் போச்சு, அந்த ஒரு மணி நேரம் வேற எதையும் நினைக்கல.

பிப்ரவரி 28, சனி

தூக்கமில்ல. 11 மணிக்கு ஞாபகம் வந்துச்சு, இந்த வாச்சுக்கு பிப்ரவரி எல்லாம் தெரியாது, எல்லா மாசமும் 31தான். நாளைக்கு 29ன்னு காட்டும். இப்பவே மாத்திரலாம்னு கை போச்சு, வாச்சு ரிப்பேர் பாய் சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. ராத்திரி 9ல இருந்து விடியக்காலை 4 வரைக்கும் தேதிய தொடக்கூடாது, அந்த நேரத்துல பல்சக்கரம் தேதித் தட்ட பிடிச்சிருக்கும், நாம திருகினா பல்லு உடையும். காத்திருன்னு எனக்கு எல்லாரும்தான் சொல்றாங்க, இதுவும்.

முழிச்சிருந்ததுல ஒண்ணு பாத்தேன். 12 தாண்டி கொஞ்ச நேரத்துல SAT மெதுவா கீழ இறங்கி அந்த இடத்துல அரபி எழுத்து வந்து நின்னுச்சு. சவூதிக்கு வந்த வாச்சு, ஒரே தட்டுல இங்கிலீசும் அரபியும் மாத்தி மாத்தி இருக்கு. காலைல எந்திரிக்கிறவங்க இத பாக்கவே மாட்டாங்க. ரெண்டே காலுக்கு டக்குன்னு இன்னொரு தட்டு தட்டி SUN வந்துருச்சு. நடுவுல ரெண்டு மணி நேரம் நான் தம்மாம்ல இருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

29, 30, 31, 1. காலை பத்து மணிக்கு. பத்திரமா.

மார்ச் 4, புதன்

மொதல்ல காட்டின கடைக்காரர நினைச்சா இப்பவும் எரிச்சல் வருது. டயல்ல 7 பக்கத்துல துரு மாதிரி ஒரு புள்ளி, நீலம் ஒரு ஓரமா வெளுத்து சாம்பலாயிருக்கு, அவ்வளவுதான். "புது டயல் அடிச்சுத் தரேன் மேடம், 800 ரூபா, கேஸ் பாலிஷும் போட்டா ஷோரூம் பீஸ் மாதிரி ஆயிரும்." பாம்பே டயல்னு சொல்வாங்களே அதான், பழச சுரண்டிட்டு மேல புது பெயின்ட் அடிச்சு எழுத்த அச்சடிக்கிறது, ஆன்லைன்ல ஆரஞ்சு பச்சைன்னு பளபளன்னு விக்கிற பழைய சீக்கோ பாதி இப்படி வந்ததுதான். பாலிஷ் போட்டா கேஸோட கூர் ஓரமெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிடும். மாமா சென்ட்ரிங் பலகையில இடிச்ச வடு 2 மணிப் பக்கம் இருக்கு, அத எதுக்கு அழிக்கணும்? டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சந்துல இருக்குற பாய்ட்ட கொண்டுபோனப்பதான் நிம்மதி. "முகத்த தொடாதீங்கம்மா, வயித்த மட்டும் பாப்போம்"னாரு. பிரிச்சு பெட்ரோல்ல கழுவி எண்ணெய் விட்டு 600 வாங்கினாரு. தண்ணி பக்கமே போகக்கூடாதாம். பின்னாடி வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கேன்னு கேட்டேன், அது வாட்டர் ரெசிஸ்டன்டா இருந்த காலத்துல போட்டதும்மா, உள்ள ரப்பர் வளையம் காஞ்சு அப்பளமாயிருச்சுன்னாரு.

வயித்த மட்டும் பாப்போம். அன்னைக்கு அவருக்குத் தெரியாது, எனக்கும்தான்.

மார்ச் 6, வெள்ளி

சங்கிலி இறுக்குது. போன வாரம் கைக்கும் சங்கிலிக்கும் நடுவுல சுண்டுவிரல் போச்சு, இன்னைக்கு போகல. கொக்கியில ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன், ஊக்கு வச்சு அமுக்கினா அந்த சின்னக் கம்பி உள்ள போகும். அம்மாட்ட சொல்லல.

மார்ச் 7, சனி

அம்மா பாத்துருச்சு. வாச்சக் கழட்டுன்னு ஒரே சத்தம். வாச்சா வீங்க வைக்குதுன்னேன். அழுதுச்சு. நானும்.

பிரஷர் மேல 142.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிட்டு இடதுபக்கம் படுத்து பிள்ளை அசையுறத எண்ணணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து. நேத்து 52 நிமிசத்துல பத்து வந்துச்சு, இன்னைக்கு 1 மணி 20. ஏன் இவ்வளவு நேரம்னு வயித்துல கல்லு. அப்புறம் போன் பாத்தா போன்ல 1 மணி 9தான் ஆயிருக்கு! வாச்சு ஒரு மணி நேரத்துக்கு பத்து நிமிசம் கூடுதலா ஓடியிருக்கு. வழக்கமா ஒரு நாளைக்கே ஒரு நிமிசம்தான் முன்னப்பின்ன இருக்கும். முதல்ல நிம்மதி, உடனே அடுத்த பயம், அப்ப நேத்து 52? நேத்தும் தப்பா? நேத்து சரியா இருந்துச்சா எப்ப இருந்து தப்பு? இவருக்கு ஆபீஸ்ல போன் அடிச்சு அழுதேன், அவரு பாவம், நீ போன்லயே எண்ணேன்டீன்னாரு. போன்ல எண்ண மாட்டேன், போன எடுத்தா நான் தேட ஆரம்பிச்சிருவேன், 32 வாரத்துல பொறந்தா என்னாகும்னு.

மார்ச் 11, புதன்

காரணம் தெரிஞ்சுபோச்சு. ராத்திரி கழட்டி டேப்லட் மேல வச்சேன்ல, அந்த உறையில காந்தம். உள்ள தலைமுடி மாதிரி ஒரு சுருள் கம்பி இருக்கு, காந்தம் ஏறினா அதோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஒட்டினா கம்பி குட்டையான மாதிரி, வாச்சு தலைதெறிக்க ஓடும். போன்ல திசைகாட்டிய திறந்து வாச்ச பக்கத்துல கொண்டுபோனேன், ஊசி கிறுகிறுன்னு திரும்புச்சு. தம்பி கொண்டுபோயிருக்கான்.

சாயங்காலம்: பாய்ட்ட ஒரு நீல டப்பா, பட்டன அமுக்கிக்கிட்டே வாச்ச மேல வச்சு மெதுவா விலக்கினாராம். ரெண்டு செகண்ட் வேலை. காசு வாங்கலையாம். அக்கா எப்படி இருக்குன்னு கேட்டாராம், துவா பண்றேன்னாராம்.

மார்ச் 14, சனி

கை வெறுமையா இருக்கு. கடைசி ஓட்டையும் பத்தல. மோதிரத்த சோப்பு போட்டு கழட்டுனாங்க.

மார்ச் 16, திங்கள்

வாச்சு இப்ப அம்மா கையில. சமையல் பண்றப்ப மட்டும் கட்டிக்கிட்டு ஏத்திக் கொடுக்குது, ராத்திரி என் தலைமாட்டுக்கு வந்துரும். இடதுகையில கட்டினா ஏறவே இல்ல, வலதுகைக்கு மாத்துச்சு. இன்னைக்கு ஒரு மூடி தேங்கா துருவினதுல... நெசமா அம்மா கையப் பாத்துக்கிட்டே இருந்தேன், அரிவாமனை மேல கை முன்ன பின்ன முன்ன பின்ன, காதுகிட்ட வச்சா தகடு சுத்துற சத்தம், சர்ருனு. இந்த மிஷின்ல மேஜிக் லீவர்னு ஒண்ணு, 1959லயே சீக்கோக்காரன் கண்டுபிடிச்சது, தகடு எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங் ஏறும், ஒரு வீச்சும் வீணாகாது. ஜப்பான்காரன் தேங்கா துருவுறத பாத்திருப்பானோ.

"உங்க மாமன் எனக்கு ஒரு நாளும் கட்டத் தரல"ன்னு சொல்லிட்டு அடுத்த மூடிய எடுத்துச்சு. சட்னிக்கு ஒரு மூடி போதும்.

மார்ச் 19, வியாழன்

வாச்சு செகண்டுக்கு ஆறு தட்டு. ஆஸ்பத்திரில வயித்துல பெல்ட்டு கட்டி கேட்ட பிள்ளையோட துடிப்பு அதவிட மெதுவா, ஆனா அதே மாதிரிதான். நிமிசத்துக்கு 148. நர்சம்மா நல்லாருக்குன்னாங்க. மேல 150, அத பத்தி ஒண்ணும் சொல்லல.

மார்ச் 20, வெள்ளி

பிள்ளை நுரையீரலுக்குன்னு மொத ஊசி காலைல 9.15. ரெண்டாவது நாளைக்கு 9.15.

மார்ச் 21, சனி

போட்டாச்சு. 24 மணி நேரத்துல வாச்சு 20 செகண்ட் முந்திருக்கு. நாப்பது வருசத்து மிஷினுக்கு இது பெரிய விஷயம், பாய்ட்ட சொல்லணும்.

மார்ச் 22, ஞாயிறு

தலைவலி.

மார்ச் 24, செவ்வாய்

வாச்சு இவர் கையில. தேதி சரியா இருக்கு, 31 வந்தா ஒண்ணும் தொட வேண்டாம், ஒண்ணாந்தேதி அதுவே வரும்னு சொல்லியிருக்கேன், மறந்துருவாரு. ராத்திரி ஒம்போதுக்கு மேல தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். கீழ வண்டி ஹாரன் அடிக்குது, அம்மா பைய தேடுது