ருஷ்ய நாவல் தாள்: மௌனம் பற்றிய கேள்விக்கு எப்படிப் படிக்கலாம்?

முதுகலையில் ருஷ்ய நாவல்களுக்கென ஒரு தாள் எழுதினேன். கதாபாத்திரங்களின் மனக்காயம், மௌனம் பற்றிய கேள்வியை எப்படி அணுகுவது என்று இப்போது படிப்பவர்கள் கேட்கிறார்கள். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன். பாத்திரம் வாயடைத்துப்போகும் இடத்தில், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதைப் பேசுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலின் ஆறாம் பாகத்தில் காளான் பறிக்கும் காட்சி வருகிறது. வாரென்கா என்ற பெண்ணிடம் திருமணப் பேச்சை எடுத்துவிடுவது என்று முடிவுசெய்து, சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் கோஸ்னிஷேவ் என்ற அறிஞர் அவளருகே வருகிறார். அவளுக்கும் அது தெரிகிறது. மௌனம் நீள்கிறது. தாங்க முடியாமல் அவளே காளான் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். கடைசியில் அவர் வாயிலிருந்தும் வெண்காளானுக்கும் பிர்ச் மரக் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விதான் வருகிறது. வித்தியாசம் தண்டில்தான் என்று உதடு நடுங்கப் பதில் சொல்கிறாள். இனி அந்தப் பேச்சு எழாது என்று இருவருக்கும் புரிந்துவிடுகிறது.

முன்பு தான் காதலித்து இறந்துபோன மரீயின் நினைவு இந்தத் திருமணத்துக்குத் தடையல்ல என்று காட்டில் தனக்குத்தானே வாதிட்டவர், பிறகு யோசிக்கும்போது அந்த நினைவுக்குத் துரோகம் செய்ய முடியாது என்கிறார். பழைய காயம்தான் அவரைத் தடுத்ததா, அல்லது அந்தக் காயத்தைப் பிற்பாடு அவர் சாக்காக்கிக்கொண்டாரா? சாக்குதான் என்பது என் கருத்து. நீங்கள் மறுத்தும் எழுதலாம். இந்த இரண்டு இடங்களையும் பக்கம் பக்கமாக வைத்து எழுதினால் போதும்.

லேர்மந்தவின் ‘நம் காலத்து நாயகன்’ 1840இல் வந்தது. நாயகன் பெச்சோரின் கடத்திவந்து காதலித்த பெண் பேலா. அவள் இறந்ததும் ஆறுதல் சொல்ல வரும் மூத்த படை அதிகாரி மாக்சிம் மாக்சிமிச்சின் முன்னால் பெச்சோரின் தலையை நிமிர்த்திச் சிரிக்கிறான். கிழவருக்கு உடல் சில்லிட்டுப்போகிறது. அதன்பின் பெச்சோரின் நெடுநாள் நோயுற்று மெலிந்துபோனான், பேலாவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை என்று சொல்லி அவர் கடந்துவிடுகிறார். அந்தச் சிரிப்பைக் கல்நெஞ்சு என்று எழுதிவிடாதீர்கள். மெலிந்த உடம்பையும் சேர்த்துப் படியுங்கள்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. கொலை செய்தது தான்தான் என்ற உண்மையைச் சோனியாவிடம் சொல்லும்போது நாயகன் ரஸ்கோல்னிகோவ் முதலில் அவளையே ஊகிக்கச் சொல்கிறான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் அந்தப் பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று: தஸ்தயேவ்ஸ்கி 1849இல் மரண தண்டனையின் விளிம்புவரை சென்று திரும்பியதைச் சொல்லி விடையைத் தொடங்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அவருடைய ‘அசடன்’ நாவல் பற்றிய கேள்வியில், மரண தண்டனைக் கைதியின் கடைசி நிமிடங்களை நாயகன் மிஷ்கின் விவரிக்கும் இடத்தோடு அது பொருந்தும். மற்ற இடங்களில் வாழ்க்கைக் குறிப்பு விடையின் பாதியை விழுங்கிவிடும். இன்றைய மனநோய்ப் பெயர்களைப் பாத்திரங்கள்மேல் ஒட்டுவதும் அப்படித்தான்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் ‘பேலா’ பகுதியையும் அந்தக் காளான் அத்தியாயத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே இரவில் படித்துவிடலாம்.