இளம் கோளக் கொத்துக்கு வயது சொல்வது எப்படி?

கோளக் கொத்து (ஈர்ப்பால் உருண்டையாகக் கட்டுண்ட விண்மீன் கூட்டம்) என்றாலே கிழட்டு விண்மீன்கள் என்பது நம் பால்வீதிக்குத்தான் பொருந்தும். பக்கத்துக் குறுவிண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் இருக்கும் என்ஜிசி 1866 என்ற கோளக் கொத்துக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டுகள்தான். நிறை ஏறத்தாழ 50,000 சூரியன்கள்.

முதல் வேலை, ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் இரண்டு வடிகட்டிகளில் அளந்து நிறம்–பொலிவு வரைபடம் போடுவது. கொத்தின் மையத்தில் நெரிசல் அதிகம், மங்கலானவை காணாமல் போகும். அதனால் படத்தில் செயற்கை விண்மீன்களைப் புகுத்தி, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு கொத்துக்கு வெளியே அதே பரப்பளவை எடுத்துப் பின்னணி விண்மீன்களைக் கழிக்க வேண்டும். இதைச் சோம்பலாகச் செய்தால் மேகத்தின் பழைய சிவப்பு ராட்சதர்கள் உள்ளே புகுந்துவிடும்.

தூரக்குறியீட்டை (தோற்றப் பொலிவிலிருந்து தூரத்தைச் சொல்லும் எண்) 18.5 என வைத்து, தூசியால் வரும் சிவப்பேற்றத்தையும் திருத்தி, சமவயதுக் கோடுகளை (ஒரே வயது விண்மீன்கள் வரைபடத்தில் எங்கே விழும் என்று மாதிரி சொல்லும் கோடுகள்) பொருத்தலாம்.

சிக்கலே இங்கேதான். மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் வரைபடத்தில் அமையும் பட்டியே முதன்மை வரிசை; அந்த ஹைட்ரஜன் தீரும்போது விண்மீன்கள் அதைவிட்டு விலகும் இடம் திரும்புமுனை. இந்தத் திரும்புமுனை கோடாக இல்லாமல் பட்டையாக அகன்றிருக்கும். வயது வித்தியாசம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. வேகமாகச் சுழலும் விண்மீனின் நடுக்கோடு குளிர்ந்து மங்கும். எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் பொலிவும் மாறும். ஹப்பிள் படங்களில் இந்தக் கொத்தின் முதன்மை வரிசையே இரண்டாகப் பிரிந்து தெரிகிறது: நீலப் பக்கம் மெதுவாகச் சுழல்பவை, சிவப்புப் பக்கம் வேகமானவை. சுழலாத மாதிரியை மட்டும் பொருத்தினால் இல்லாத வயதுப் பரவல் முளைக்கும்.

மையக்கருவின் வெப்பச்சலனம் (சூடான வாயு மேலும் கீழும் புரள்வது) தன் எல்லையை எவ்வளவு தூரம் மீறிப் பாய்கிறது என்ற அனுமானமும் முக்கியம். அதைக் கூட்டினால் கணக்கிட்ட வயதும் கூடும். நல்லவேளையாக இங்கே இருபதுக்கும் மேற்பட்ட செபீட்கள் (துடிப்புக்காலத்தைக் கொண்டே உண்மைப் பொலிவைச் சொல்லக்கூடிய விண்மீன்கள்) உள்ளன. அவற்றின் துடிப்புக்காலத்தை வைத்துத் தூரத்தைத் தனியாகச் சரிபார்க்கலாம்.