17 யூனிட்டுக்கு 600 ரூபாய்: மின்சார காரில் கொடைக்கானல்

கொடைக்கானலில் நாங்கள் தங்கிய விடுதியில், இரவு காரைச் சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் மாட்டியதற்கு 600 ரூபாய் தனியாக வாங்கிவிட்டார்கள். ஏறியது 17 யூனிட். யூனிட் 35 ரூபாய்! "பெட்ரோல் போட்டிருந்தால் இதைவிட ஆகியிருக்குமே சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர். அந்த நியாயத்தில் பார்த்தால், ஹெலிகாப்டரில் வராததற்கும் ஒரு கட்டணம் போடலாம். மின்சார காரில் போகிறவர்கள் அறை வாடகை பேசும்போதே பிளக் வாடகையையும் பேசிவிடுங்கள்.

நாங்கள் கிளம்பிய திருச்சியில் மே மாத வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே சீட் சுடுகிறது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு, சார்ஜர் ஒயரைக் கழற்றாமலேயே கைபேசிச் செயலியில் ஏ.சி.யைப் போட்டுவிடுவது என் வழக்கம். கொதித்த காரைக் குளிர வைக்கும் முதல் பத்து நிமிடம்தான் ஏ.சி. மின்சாரத்தை விழுங்கும், பிறகு சொகுசாக ஓடும். அந்த முதல் விழுங்கல் பேட்டரியிலிருந்து போகாமல் வீட்டு மீட்டரிலிருந்து போகட்டும். ஆனால் 3.3 கிலோவாட் வீட்டுச் சார்ஜரில் ஏ.சி.யும் ஓடினால் பேட்டரிக்கு ஏறுவது சொற்பம். அதனால் முதலில் பேட்டரி நிறையட்டும், பிறகு ஏ.சி.

என் காரில் இருப்பது 40 யூனிட் கொள்ளும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. இந்த ரகத்தை அவ்வப்போது 100 வரை ஏற்றாவிட்டால் திரையில் காட்டும் சதவீதக் கணக்கு பிசகும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) ரகமானால் அன்றாடத்துக்கு 80 போதும்.

திண்டுக்கல்லுக்கு 62 சதவீதத்தோடு வந்தோம். வேகச் சார்ஜரில் மாட்டிவிட்டு நேராகப் பிரியாணிக் கடை. சீரகச் சம்பா, சின்னச் சின்ன எலும்போடு வெந்த ஆட்டுக்கறி, இலையில் கொட்டியதும் எழுந்த மிளகு வாசம்! தம்பி இரண்டாவது தட்டு கேட்டான், நானும் தடுக்கவில்லை. வயிற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வேகமாக ஏறும்போது பேட்டரி சூடாகும். என் காரில் அதைக் குளிர்விப்பதும் ஏ.சி.யின் கம்ப்ரெஸர்தான். உள்ளே உட்கார்ந்து ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தால் இரண்டுக்கும் இழுபறி. அங்கே பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டு, சார்ஜர் மந்தம் என்று திட்டிக்கொண்டிருந்தது. கை கழுவும்போது செயலியில் ஏ.சி.யைப் போட்டால் போதும், சார்ஜர் கன்னைக் கழற்றுவதற்குள் கார் குளிர்ந்திருக்கும். 85 சதவீதத்தில் நிறுத்திவிட்டேன். வரியோடு 235 ரூபாய். பிரியாணி பில் அதைவிடப் பெரியது.

கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதால் சோதனையில் நல்ல வரிசை. ஏ.சி. ஓடியபடி நின்றால் மணிக்கு ஒரு யூனிட் போகலாம், அதற்கெல்லாம் கவலை வேண்டாம். பேட்டரியைக் குடிப்பது மலைதான். வத்தலக்குண்டிலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம். நான்கு பேரும் மூட்டைகளுமாக 1.8 டன் என்றால், பள்ளிக்கூட இயற்பியல்படியே உயரத்துக்கு மட்டும் 9 யூனிட். வெள்ளி அருவியில் மற்றவர்கள் படம் எடுக்க, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் நுழையும்போது 37 சதவீதம்.

விடுதியில் 80 சதவீதத்தில் நிறுத்தியதற்கு மனைவி கோபித்துக்கொண்டாள். 600 ரூபாய் கொடுத்துவிட்டு முழுதாக ஏற்றாமல் விடுவதா? அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இறக்கத்தில் மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்தி, மின்சாரம் உண்டாக்கி அனுப்பும்போது பேட்டரியில் இடம் வேண்டுமே. நிறைந்த பேட்டரியோடு இறங்கினால் அந்தப் பிடிப்பு குறைந்து, வழி முழுக்க பிரேக்கை மிதிக்க வேண்டும். ஊர் சுற்றியது போக 74-ல் இறங்கத் தொடங்கினோம், வத்தலக்குண்டில் 79! அதன்பிறகு வீட்டில் பேச்சு இல்லை.

எரிச்சல் ஒன்று பாக்கி. ஒவ்வொரு சார்ஜர் நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். திண்டுக்கல் செயலியில் 500 போடச் சொன்னது, மீதி 265 அங்கேயே சிக்கிக் கிடக்கிறது. அதைத் தீர்க்க இன்னொரு முறை போக வேண்டுமாம், தம்பி இப்போதே நாள் பார்க்கிறான்.